சக்கரமும் தாங்குறுப்பும்: பழைய ஊர்திகளிற் பேணாமையால் விளையும் கேடு

சங்க காலத்து உமணர் உப்பு மூட்டைகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, மேடும் பள்ளமுமான நெடுவழிகளைக் கடந்து சென்றனர். வழியில் அச்சு முறியுமாயின் என் செய்வது என முன்னரே எண்ணி, மற்றோர் அச்சினை வண்டியின் அடியிற் கட்டிக்கொண்டு புறப்பட்டனர் என்பதைப் புறநானூற்றிலுள்ள ஔவையார் பாட்டொன்றால் அறிகின்றோம். திருவள்ளுவரும், மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றப்படின் வண்டியின் அச்சு இற்றுப்போகும் என்று வலியறிதல் அதிகாரத்திலே எச்சரித்துள்ளார். வண்டியை இழுப்பது எருதேயாயினும், அதனை வழியிற் கெடுப்பது பெரும்பாலும் அச்சும் சக்கரமுமே என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர்.

மோட்டார் ஊர்திகள் வந்த பின்னர் இவ்வுணர்வு ஓரளவு மங்கிவிட்டது. கார் வைத்திருப்போர் அதன் எஞ்சினைப் பற்றியே பெரிதும் கவலை கொள்கின்றனர். காரணம் வெளிப்படை. எஞ்சின் பழுதுற்றால் வண்டி புறப்படாது. ஆதலின் அன்றே திருத்தப்படுகின்றது. சக்கரத்தைத் தாங்கும் உறுப்புக்களோ தேய்ந்துகொண்டே தொழில் புரிவன; நேற்று ஓடிய வண்டி இன்றும் ஓடும்; அவ்வோட்டமே அவை நலமாயுள்ளன என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. இஃது பெரும் பிழை. எஞ்சின் நின்றால் வண்டி வழியோரத்தில் நிற்கும். அதிலிருப்போர் இறங்கி நடப்பர். சக்கரம் கழன்றாலோ அதனைத் தாங்கும் மூட்டுப் பிரிந்தாலோ வண்டி நாம் விரும்பும் இடத்தில் நிற்பதில்லை. முன்னதனால் வருவது காலதாமதம்; பின்னதனால் வருவது உயிர்ச்சேதம்.

இவ்விடயம் நம் நாட்டில் அண்மைக்காலத்தில் முன்னினும் கூடிய முக்கியத்துவம் பெற்றுள்ளது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஊர்தி இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே நீங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் ஓடிய ஊர்திகள் யாவும் ஏறக்குறைய ஐந்தாண்டு முதுமையெய்தின. யாழ்ப்பாணத்திலோ இதற்கு வேறொரு வரலாறும் உண்டு. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 வரிசையும், பின்வந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும், மொறிஸ் மைனரும் இங்கு வாடகைக் கார்களாயும் குடும்பக் கார்களாயும் நெடுங்காலம் உழைத்தன. 1990இன் பின், எரிபொருள் குடாநாட்டுக்கு வருவது தடுக்கப்பட்ட காலத்தில் அவை மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றை ஓடச்செய்த கைவினைஞரின் திறமை போற்றுதற்குரியது. எனினும் அத்திறமை எங்குப் பயன்படும், எங்குப் பயன்படாது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். அதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாங்கமைப்பின் தொழில்

மோட்டார்த் தொழிலாளர் சஸ்பென்ஷன் என வழங்கும் தாங்கமைப்பு மூன்று தொழில்களைப் புரிகின்றது. முதலாவது, ஊர்தியின் பாரத்தைச் சக்கரங்களின்மேல் இறக்குதல். இரண்டாவது, பாதையின் மேடுபள்ளங்களால் எழும் அதிர்ச்சியை ஏற்று அடக்குதல். மூன்றாவது, சக்கரம் மேலுங் கீழும் அசையும்போதும் அது நேரிய நிலையினின்றும் பிறழாது பிடித்துவைத்தல். வில் பாரத்தைத் தாங்கும். அதிர்வடக்கி, அதாவது சொக் அப்சோபர், வில்லின் துள்ளலை அடக்கும். கரங்களும் மூட்டுக்களும் சக்கரத்தை அதற்குரிய இடத்தில் நிறுத்தும்.

வில் தளர்ந்தால் வண்டி தாழ்ந்து தோன்றும். அதிர்வடக்கி கெட்டால் வண்டி தொட்டிலாடும். இவ்விரண்டும் ஏறியிருப்போருக்கு உடனே புலனாவன. மூட்டுக்களின் தேய்வோ மில்லிமீற்றர் அளவில் நிகழ்வது. ரயருக்கும் மட்காட்டுக்கும் பின்னே, சேற்றாலும் தூசியாலும் மூடப்பட்ட இடத்தில் நிகழ்வது. காணாமையே அதன் பேராபத்து.

மொறிஸ் மைனரின் புரியாணி

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் மோட்டார்க் காட்சியில் அறிமுகமாயிற்று. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ்; பின்னர் 1959இல் மினி என்னும் சிறு காரையும் வகுத்துப் புகழ் பெற்றவர் இவரே. மைனர் 1970களின் தொடக்கம்வரை 16 இலட்சம் அளவில் உற்பத்தி செய்யப்பட்டது. அதன் முன் தாங்கமைப்பு அக்காலத்துக்குப் புதுமையானது. சுருள்வில்லுக்குப் பதிலாக, வண்டியின் நீளப்பாட்டில் அமைந்த முறுக்குக்கோல் ஒன்று ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் வில்லாகப் பயன்படுகின்றது. கோலின் பின்முனை அடிச்சட்டத்தில் இறுக்கப்பட்டிருக்கும். முன்முனை சக்கரத்தின் கீழ்க் கரத்தோடு பிணைந்திருக்கும். சக்கரம் மேலே எழும்போது கோல் முறுகும். முறுகிய கோல் மீளும்போது சக்கரம் பழைய நிலையடையும்.

சக்கரம் திரும்புதற்குரிய நிலைக்குத்தான தண்டினைக் கிங் பின் என்பர். மைனரில் இத்தண்டின் இரு முனைகளிலும் திருகுபுரிகள் வெட்டப்பட்டுள்ளன. மேல் முனை அதிர்வடக்கியின் கரத்தோடு பொருந்தும் மூட்டினுள்ளும், கீழ் முனை கீழ்க் கரத்தோடு பொருந்தும் மூட்டினுள்ளும் திருகி நிற்கும். ஸ்ரியறிங்கைத் திருப்புங்கால் தண்டு அப்புரிகளிலே சிறிது திருகிச் சுழலும். வலப்பக்கத்து உறுப்பு இடப்பக்கத்துக்குப் பொருந்தாது. புரிகளின் போக்கு மாறுபட்டிருக்கும்.

ஈண்டு கூர்ந்து நோக்கத்தக்கது பாரம் செல்லும் வழியாகும். மைனரின் எடை ஏறக்குறைய 750 கிலோகிராம். அதில் ஒரு முன்சக்கரத்தின் பங்கு 200 கிலோகிராமை அண்டியது. ஆட்கள் ஏறினால் அது மேலும் கூடும். இப்பாரம் அடிச்சட்டத்திலிருந்து முறுக்குக்கோலுக்கும், கோலிலிருந்து கீழ்க் கரத்துக்கும், கரத்திலிருந்து கீழ் மூட்டுக்கும் செல்கின்றது. மூட்டிலிருந்து தண்டுக்குச் செல்லும் வழி அத்திருகுபுரிகளே, வேறு வழியில்லை. முறுக்குக்கோல் கீழ் மூட்டைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றது; நிலம் சக்கரத்தையும் தண்டையும் மேல்நோக்கித் தள்ளுகின்றது. இரண்டையும் பிரியவிடாது பிடித்திருப்பவை விரலளவான இடத்திலுள்ள சில புரிகள் மாத்திரமே.

புரிகளுக்கிடையே கிறீஸ் இருக்குமளவும் இவ்வமைப்பு மிக உறுதியானது. அதனால் ஏறக்குறைய ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றும்படி அக்காலக் கைந்நூல்கள் பணித்தன. அதற்கென மூட்டுக்களிற் சிறு நிப்பிள்கள் வைக்கப்பட்டுள்ளன. கிறீஸ் ஏற்றாதுவிடின் நிகழ்வது இது: பழைய கிறீஸ் காய்ந்து கட்டியாகும், நீரும் மணலும் உள்ளே புகும், மணலும் துருவும் அரத்தூள்போற் புரிகளை அராவும். புரிகளின் உச்சிகள் மெலிந்து கூராகும். முடிவில் ஒருநாள் அவை ஒருங்கே நறுங்கித் தண்டு மூட்டினின்றும் மேலே கழன்றுவிடும். சக்கரம் மட்காட்டின்கீழ் மடிந்து படுக்க, வண்டியின் முன்மூலை நிலத்தில் அடிக்கும்.

இக்கேடு பெரும்பாலும் வண்டி மெல்லச் சென்று திரும்பும்போதே நிகழ்வது வழக்கம். ஸ்ரியறிங் முற்றாகத் திருப்பப்படும்போது புரிகள் ஒன்றன்மேலொன்று உராய்ந்து நகர்வதும், நின்ற ரயர் நிலத்தை எதிர்த்து முறுக்குவதும் அதற்குக் காரணமாகும். ஆதலின் பலர் பெருந்தீங்கின்றித் தப்பியுள்ளனர். ஆனால் மெல்லச் செல்லும்போதே நிகழும் என்பதற்கு உறுதி யாதுமில்லை. நெடுஞ்சாலையில் நிகழுமாயின் வண்டியை எவராலும் அடக்க இயலாது.

கிறீசும் ஒயிலும்

உயவுப்பொருளை இடுதல் மாத்திரம் போதாது. உரியதை உரிய முறையில் இடுதல் வேண்டும். 1959இல் வெளிவந்த றயம்ப் ஹெரல்ட் காரின் கீழ் மூட்டும் திருகுபுரி கொண்டதே. இதன் புரிகளுக்குக் கிறீசன்று, கியர்ப்பெட்டிக்குரிய தடித்த ஒயிலையே இடும்படி செய்தோர் விதித்தனர். பலர் வழக்கம்போலக் கிறீசையே ஏற்றினர். கிறீஸ் உள்ளே இறுகி, நீர் தங்கி, எஃகுத் தண்டின் புரியடி துருப்பிடித்து, ஈற்றில் தண்டே முறிந்தது. இங்குக் குற்றம் பேணாமையன்று, அறியாது பேணுதல். ஒரே தொழிலைப் புரியும் இரு மூட்டுக்களுக்கு இருவேறு முறைகள் உண்டாதலின், அவ்வவ் வண்டிக்குரிய கைந்நூலைப் பார்த்தே செய்தல் வேண்டும்.

கிறீஸ் ஏற்றும் நிலையும் கவனித்தற்குரியது. வண்டி தரையில் நிற்கும்போது பாரத்தினால் புரியின் ஒரு பக்கம் மற்றதனோடு இறுக அழுந்தியிருக்கும். கிறீஸ் எளிதாகப் புகக்கூடிய பக்கம் பாரமற்ற பக்கமே. தேய்வதோ அழுந்திய பக்கம். கீழ்க் கரத்தின் முனையில் ஜக்கை வைத்துச் சக்கரத்தை உயர்த்தினாற் பாரம் நீங்கும். அந்நிலையில் ஏற்றி, ஸ்ரியறிங்கை இருபுறமும் திருப்பி, பழைய அழுக்குக் கிறீஸ் வெளியேறிப் புதியது விளிம்பில் தோன்றும்வரை மீண்டும் ஏற்றுதல் நன்று.

பிற்காலக் கார்களில் இத்தகைய திருகுமூட்டுக்கள் இல்லை. அவற்றின் இடத்தில் உருண்டை மூட்டு வந்துள்ளது. எஃகுக் குண்டு ஒன்று கிண்ணத்தினுள் அமர்ந்து எப்பக்கமும் அசையும். இதனை இறப்பர் உறையொன்று மூடியிருக்கும். பலவற்றில் நிப்பிள் இல்லாமையால், கவனிப்பே வேண்டாதவை என்று நினைக்கின்றனர். அவ்வுறை வெடித்தால் மைனரின் கதையே இங்கும் நிகழும்: நீரும் மணலும் புகும்; கிண்ணம் தேயும்; குண்டு வெளியே பிதுங்கும்; சக்கரம் மடியும். ஒரு சிறு உறையின் வெடிப்பை உரிய காலத்திற் காண்பதே அதற்குரிய காப்பாகும்.

உலோகத்தின் அயர்வு

தேய்வு ஒருவகைக் கேடு, அயர்வு மற்றொருவகை. 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி, வேர்சேயிலிருந்து பரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த புகைவண்டியின் முன் எஞ்சினில் அச்சொன்று முறிந்தது. பின்வந்த பெட்டிகள் அதன்மேல் மோதித் தீப்பற்றின. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தென்துருவக் கடல்களை ஆராய்ந்த கடலோடி டியூமொன் டேர்வில் என்பாரும் தம் குடும்பத்தோடு அதில் இறந்தார். நாடோறும் தாங்கிவந்த பாரத்தை அவ்வச்சு அன்று மட்டும் ஏன் தாங்கவில்லை என்னும் வினா எழுந்தது. பிரித்தானியப் பொறியியலறிஞர் றங்கின் 1843இல், முறிவு திடீரென வருவதன்று. அச்சின் தடிப்பு மாறும் மூலையிலே நுண்ணிய வெடிப்பாகத் தோன்றிச் சிறிது சிறிதாக உள்ளே வளர்வது எனக் காட்டினார். பின்னர் ஜேர்மனியில் வோலர் என்பார், 1850களிலிருந்து 1870வரை புகைவண்டி அச்சுக்களைச் சோதித்து, ஒருமுறை தாங்கும் பாரத்தினும் மிகக் குறைந்த பாரமே பன்முறை வந்து வந்து நீங்குமாயின் உலோகத்தை முறிக்கும் என நிறுவினார்.

இவ்வுண்மையைக் காருக்குப் பொருத்திப் பார்ப்போம். மைனரின் சக்கரம் ஒரு மைல் தூரத்தில் ஏறக்குறைய 850 முறை சுழலும். பதினாயிரம் மைல் ஓடினால் 85 இலட்சம் சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் சுழலும் அச்சின் ஒரு பக்கம் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்கும். ஐம்பது அறுபது ஆண்டு ஓடிய வண்டியில் இத்தொகை எவ்வளவாகும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம். மேலும், வெடிப்பு தோன்றுதற்கு ஏற்ற இடங்கள் கூரிய மூலை, புரியின் அடி, துரு தின்ற குழி, உளி பட்ட காயம் என்பனவாம். அங்கெல்லாம் இழுவிசை ஒருங்குதிரளும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் துருவுக்குக் குறைவில்லை. பண்ணைப் பாலத்தாலும் தீவுப்பகுதிக் கடல்வழிப் பாதைகளாலும் நாள்தோறும் செல்லும் ஊர்திகளின் அடிப்பாகத்தில் உப்புநீர்த் திவலை படிகின்றது. உப்புக் கரைந்த நீர் மின்னை எளிதிற் கடத்துவதால் இரும்பு துருப்பிடித்தல் விரைவுபடுகின்றது. மைனரில் முறுக்குக்கோலின் பின்முனையைப் பற்றியிருக்கும் குறுக்குச்சட்டமும், பின்புற வில்லுத்தகடுகளின் தாங்கிகளும் இவ்வாறு அரிக்கப்படுவன. மேலே மினுங்கும் வர்ணம் கீழே நிகழும் அரிப்பை அறிவிக்காது. கடற்பாதையிற் சென்றுவந்த வண்டியின் அடிப்பாகத்தை நன்னீராற் கழுவுதல் செலவற்ற, ஆனால் மிகப் பயனுள்ள பாதுகாப்பாகும்.

பெயாரிங், நட், ரயர்

சக்கரம் சுழல்வது பெயாரிங்குகளின்மேல். அவற்றின் கிறீஸ் காய்ந்தாலோ, நீர் புகுந்தாலோ குண்டுகளும் வளையங்களும் குழிபடும். முதலில் ஓர் இரைச்சல் கேட்கும். வண்டி வளைவிலே திரும்பும்போது அவ்விரைச்சல் கூடும் அல்லது குறையும். அதனை ரயரின் ஓசையென்று பலர் புறக்கணிப்பர். கூம்புருளைப் பெயாரிங்குகளை மிகத் தளர்த்தினால் சக்கரம் ஆடும்; மிக இறுக்கினாற் சூடேறிக் கிறீஸ் உருகி வழியும், பெயாரிங் இறுகும். கைந்நூல் கூறும் இடைவெளியே சரியானது.

சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டுக்கள் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. நட் செருகப்பட்ட தண்டே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றது எனப் பலர் நினைப்பர். உண்மையில் நட்டுக்கள் இறுகுவதால் சக்கரத்தகடும் அச்சுத்தலையும் ஒன்றோடொன்று அழுந்துகின்றன. அவ்வழுத்தத்தால் எழும் உராய்வே பாரத்தைப் பெரிதும் தாங்குகின்றது. இடையே துருவோ, தடித்த வர்ணமோ இருப்பின் அது நசுங்க நசுங்க நட் தளரும். ஒரு நட் தளர்ந்தால் மற்றவற்றின் சுமை கூடும், துளை நீள்வட்டமாகும், தண்டுகள் ஒவ்வொன்றாக முறியும். ஆதலின் சக்கரம் கழற்றிப் பூட்டிய பின் ஐம்பது அல்லது நூறு கிலோமீற்றர் ஓடியதும் நட்டுக்களை மறுபடி பார்த்தல் வேண்டும். நீண்ட குழாயைப் பிடியாகச் செருகி வலுவெல்லாம் கொண்டு இறுக்குவதும் தவறு. அதனாற் தண்டு நீண்டு வலுவிழக்கும்.

ரயரின் முதுமை அதன் வெட்டுக்களின் ஆழத்தால் மட்டும் அளக்கப்படுவதன்று. குறைவாக ஓடும் பழைய கார்களில் ரயர் தேயாமலே கிழமாகும். பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்புக்கள் தோன்றும். 2000ஆம் ஆண்டு முதல் ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்களாற் செய்த காலம் பொறிக்கப்படுகின்றது. 3218 எனக் காணின் 2018ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். ரயர் வாங்குவோர் இவ்விலக்கத்தைப் படித்தறிதல் நன்று.

சோதிக்கும் முறை

இவ்வுறுப்புக்களைச் சோதித்தற்குப் பெருங் கருவிகள் வேண்டியதில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றைய சக்கரங்களுக்கு அடைகொடுத்து, முன்சக்கரத்தை உயர்த்தி, உறுதியான இரும்புத் தாங்கியை அடியில் வைத்தல் வேண்டும். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் திடீரென நொறுங்குவன. அவற்றை நம்பி வண்டியின் கீழ்ச் செல்லலாகாது.

பின் சக்கரத்தின் மேலும் கீழும் கைகளை வைத்து உள்ளும் வெளியுமாக அசைத்துப் பார்க்க. அசைவு காணின், மற்றொருவரைப் பிறேக்கை மிதிக்கச் செய்து மீண்டும் அசைக்க. இப்போது அசைவு மறைந்தால் குற்றம் பெயாரிங்கினுடையது. மறையாதிருப்பின் கிங் பின்னினுடையதோ மூட்டினுடையதோ ஆகும். பிறேக் சக்கரத்தையும் அச்சுத்தலையையும் ஒன்றாகப் பிணைத்துவிடுதலே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். அடுத்து, சக்கரத்தின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பிடித்து அசைத்தால் ஸ்ரியறிங் தண்டுகளின் மூட்டுத் தேய்வு தெரியவரும். ஈற்றில் சக்கரத்தைச் சுழற்றி ஓசையைக் கேட்க. ஒரு சக்கரத்துக்கு இச்சோதனை கால்மணி நேரத்துக்கு மேற்படாது.

வண்டி ஓடும்போது தோன்றும் குறிகளும் உண்டு. குழியில் விழும்போது டக்கென்னும் ஓசை, நேர்பாதையிலும் ஒருபுறம் இழுத்தல், திருப்பிய ஸ்ரியறிங் தானாக மீளாமை, ரயர் ஒரு விளிம்பில் மட்டும் தேய்தல் என்பன அவை. இவற்றுள் ஒன்று கண்டவுடன் ஆராய்தல் வேண்டும். ஓசை சிலநாளிற் பழகிவிடும். பழகியபின் காது அதனை நமக்கு அறிவிப்பதில்லை.

ஒட்டுவேலையின் எல்லை

இனி, முதலிற் குறித்த செய்திக்குத் திரும்புவாம். இல்லாமைக் காலத்தில் நம் தொழிலாளர் காபரேற்றரை மாற்றியமைத்தனர். கிடைத்த பொருளைக் கொண்டு இல்லாத பொருளைச் செய்தனர். எஞ்சினில் இவ்வாறு செய்த வேலை தோற்றால் வண்டி நிற்கும், அவ்வளவே. அதே துணிவுடன் தாங்குறுப்புக்களிற் கைவைத்தல் ஆகாது. வில்லுத்தகட்டுக்கும் ஸ்ரியறிங் கரத்துக்கும் அவற்றின் வலிமை வெப்பப் பதப்படுத்தலால் வந்தது. அவற்றை வெல்டிங் செய்யும்போது அப்பதம் அழியும். ஒட்டிய இடம் உறுதியாகத் தோன்றினும் அதன் அருகிலேயே புதிய வெடிப்பு தோன்றும். இன்ன எஃகென்று அறியாத கம்பியைக் கடைந்து கிங் பின் செய்தலும் அத்தகையதே. புஷ் தேய்ந்தால் அளவறிந்து வெண்கலத்தில் கடைந்து இடலாம். பாரத்தைத் தனியே தாங்கும் தண்டையும் புரியையும் புதிதாக வாங்கியே இடல் வேண்டும். முறுக்குக்கோலைக் கழற்ற முனைவோர், அது இறக்கப்படாத வில் என்பதையும், பாரத்தை முறைப்படி நீக்காது கழற்றின் கையை முறிக்கக்கூடியது என்பதையும் மறத்தலாகாது.

பழைய கார்களைப் பேணுதல் பழிக்கத்தக்கதன்று. அவற்றின் உறுப்புக்கள் கண்ணாற் கண்டு, கையாற் தொட்டு, தனித்தனியே மாற்றக்கூடியனவாதலின் அவை இன்றும் வாழ்கின்றன. ஆயின் அவை கிறீஸ் துப்பாக்கியோடு ஒருவர் மாதந்தோறும் வந்து நிற்பார் என்ற எதிர்பார்ப்போடு செய்யப்பட்டவை. அவ்வேலையைக் கைவிட்டவர்களே இன்று வண்டியைக் குறை கூறுகின்றனர். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வாடகை ஊர்திகளுள்ளும் முதுமையெய்தியவை உண்டு. அவற்றின் சொந்தக்காரர் எஞ்சின் ஒயிலை மாற்றும் நாளிலேயே முன்சக்கரங்களையும் உயர்த்தி அசைத்துப் பார்ப்பாராயின், அதற்கு ஆவது ஒருமணி நேரமும் சிறிது கிறீசுமே. உமணர் முறிவு வந்தால் மாற்றுதற்கு அச்சொன்றைக் கட்டிச்சென்றனர். இக்கால ஊர்தியின் வேகத்தில், முறிந்தபின் மாற்றுதற்கு அவகாசமில்லை. முறியுமுன் காண்பதொன்றே நமக்குள்ள வழியாகும்.